மை ரிப்பன் ரீமேக்கிலும் இருக்கிறது

ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் வீடியோ கேமை 2019-ல் புதிதாகச் செய்து வெளியிட்ட ரீமேக்கில், ஆட்டத்தை டைப்ரைட்டரில் சேவ் செய்ய ஒவ்வொரு முறையும் செலவாகும் மை ரிப்பனையே எடுத்துவிட்டார்கள், இஷ்டத்துக்கு சேவ் செய்யலாம், அதனால் 1998 ஆட்டத்தின் பயம் போய்விட்டது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பாதிதான் சரி. அசிஸ்டட், ஸ்டாண்டர்ட் என்ற எளிய, நடுத்தரக் கடினநிலைகள் இரண்டிலும் ரிப்பன் தேவையில்லை, தானாகவே சேவ் ஆகும் ஆட்டோசேவும் உண்டு. ஆனால் மிகக் கடினமான நிலையான ஹார்ட்கோரில் ரிப்பன் இல்லாமல் சேவ் ஆகாது, ஆட்டோசேவும் கிடையாது. இதற்காக ஆட்டத்தை ஒருமுறை முடித்திருக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் தடவையே தேர்ந்தெடுக்கலாம்.

சந்தேகம் இருந்தால் ஹார்ட்கோரில் புது ஆட்டம் தொடங்கி, காவல் நிலையத்தின் பெரிய கூடம் வரை போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் டைப்ரைட்டரில் ஒருமுறை சேவ் செய்துவிட்டு, அப்புறம் பையைத் திறந்தால் ரிப்பன் ஒன்று குறைந்திருக்கும். ஆட்டம் கையில் இல்லாதவர்கள், யூடியூபில் ஹார்ட்கோர் என்று குறிப்பிட்ட முழு ஆட்டப் பதிவு எதையாவது எடுத்து, சேவ் செய்யும் இடத்தை மட்டும் பார்த்தாலே போதும்.

இதை இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், அந்த ரிப்பன், குறைந்த இடமே உள்ள பையில் ஓர் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. தோட்டாவை எடுப்பதா, காயம் ஆற்றும் மூலிகையை எடுப்பதா, ரிப்பனை வைத்துக்கொள்வதா என்று கதவுக்கு முன்னால் நின்று யோசிக்கிறோமே, பழைய ஆட்டத்தின் பயத்தில் பெரும்பங்கு அந்தத் தயக்கம்தான். அதை விரும்புகிறவர்களுக்காக ரீமேக்கில் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டர்டில் மட்டும் விளையாடியவர்கள் ஒருமுறை ஹார்ட்கோரையும் தொட்டுப் பாருங்கள்.