மின்தேக்கியின் தன்மின்னிறக்கம்: ஒரு திருத்தம்

மின்தேக்கியை மின்னேற்றி, நிரல்வழி இயங்கும் மல்டிமீட்டரைத் தொடர்ந்து இணைத்து வைத்துப் பதிவு செய்தால், கிடைக்கும் மின்னழுத்தச் சரிவே அதன் தன்மின்னிறக்கம் (எதனுடனும் இணைக்காதபோதும் தானாகவே மின்னூட்டத்தை இழப்பது) என்று சொல்லப்படுவதுண்டு. அன்புகூர்ந்து இதை மறுபரிசீலனை செய்யுங்கள். பெரும்பாலும் அந்தச் சரிவு மீட்டரால் ஏற்படுவது.

பல மல்டிமீட்டர்களின் உள்ளீட்டு மின்தடை (மின்தேக்கியின் மின்னூட்டம் மீட்டர் வழியே கசியும் பாதையின் மின்தடை) 10 மெகாஓம். அதனுடன் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சேரும்போது நேர மாறிலி (மின்னழுத்தம் ஏறத்தாழ 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) வெறும் 10 வினாடி என்பதால், 10 வோல்ட்டில் தொடங்கிய மின்னழுத்தம் 10 வினாடிகளில் ஏறத்தாழ 3.7 வோல்ட்டாகிவிடும். நல்ல பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கியோ தானாக அந்த அளவுக்கு இறங்க ஆயிரக்கணக்கான வினாடிகளாவது ஆகும்.

இதை எவரும் சரிபார்க்கலாம். அதே மின்தேக்கியை மீண்டும் 10 வோல்ட்டுக்கு மின்னேற்றி, எல்லா இணைப்புகளையும் நீக்கி, ஒரு நிமிடம் கழித்து மீட்டரைத் தொடுத்து, முதல் அளவீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் (அடுத்தடுத்த அளவீடுகளில் மீட்டரின் பாதிப்பு கலந்துவிடும்). தொடர் இணைப்பில் அதே ஒரு நிமிடத்தில் சில பத்து மில்லிவோல்ட்டே மிஞ்சியிருக்கும்; இங்கோ 10 வோல்ட்டுக்கு அருகிலேயே காண்பீர்கள். நீண்ட பதிவு தேவையெனில், அளக்கும் கணத்தில் மட்டும் இணைக்கும்படி ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) நிரலால் இயக்கலாம், அல்லது கருவியில் 10 கிகாஓமுக்கு மேற்பட்ட உள்ளீட்டு அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.