டிரைவர் கர்னலுக்கு உள்ளேயா, வெளியேயா?

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் திரை கறுத்துப்போனால் எல்லோரும் உடனே திரையில் ஜன்னல்களைக் காட்டும் வேலண்ட் முறையைத் திட்டுகிறார்கள், இல்லாவிட்டால் க்னோம், கேடிஈ போன்ற டெஸ்க்டாப்களை. எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்தே வளர்கிறதா, வெளியே தனியாகத் தயாராகி வந்து ஒட்டிக்கொள்கிறதா என்பதைத்தான்.

கர்னல், மேலே ஓடும் புரோகிராம்களுக்குக் கொடுத்த இடைமுகத்தை உடைக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியானவர். ஆனால் கர்னலின் உள்பக்க இடைமுகங்களுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது, தெரிந்தே எடுத்த முடிவு அது, கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அதற்கு எழுதிய விளக்கம் கர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது. உள்ளே ஒரு ஃபங்ஷனை மாற்றுகிறவரே அதைக் கூப்பிடும் எல்லா டிரைவரையும் திருத்திக் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற டிரைவருக்கு இது சும்மா கிடைக்கும் பராமரிப்பு. வெளியே இருப்பதற்கு? கர்னல் அப்டேட் வந்ததும், டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த வெளி டிரைவரின் மாட்யூலைப் புதுக் கர்னலுக்காக மறுபடி கம்பைல் செய்யப் பார்க்கும், பெயர் மாறிய ஏதோ ஒரு ஃபங்ஷனில் தடுக்கி விழும், ரீபூட் செய்தால் மேல் மூலையில் ஒரு கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் தப்பிப்பார், தெரியாதவர் விண்டோஸுக்கே திரும்பிவிடுவார்.

வித்தியாசம் கார்டு பழசாகும்போதுதான் முழுதாகத் தெரியும். 2012 வாக்கில் வந்த ஏஎம்டியின் முதல் தலைமுறை ஜிசிஎன் ரேடியான் கார்டுகளில், 2016இல் வெளியான வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம், கர்னலுக்குள் இருக்கும் டிரைவரின் மேல் அமரும் மெசா என்ற திறமூலத் தொகுப்பின் ராட்வி டிரைவர் வழியாக ஓடுகிறது. ராட்வியைத் தொடங்கியது ஏஎம்டி அல்ல, வெளியாட்கள். கடைசியில் ஏஎம்டியே 2025இல் தன்னுடைய வல்கன் டிரைவரான ஏஎம்டிவிஎல்கேவை மூடிவிட்டு ராட்வி பக்கம் வந்தது. அந்தப் பக்கம் என்விடியாவின் பழைய ஃபெர்மி தலைமுறைக் கார்டுகள் 390 வரிசை டிரைவரோடு நின்றன, 2022 முடிவில் அந்த வரிசைக்கான ஆதரவும் முடிந்தது.

சரி, எல்லாத் தப்பும் என்விடியா பக்கம்தான் என்று எழுதிவிட்டுப் போனால் லைக் நிறைய விழும். ஆனால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. வேலண்டில் வரையும் படத்துக்கான நினைவகத்தை (பஃபர்) ஒதுக்க மற்ற எல்லோரும் மெசாவின் ஜிபிஎம் என்ற இடைமுகத்தைப் பிடித்துக்கொண்டபோது என்விடியா தன்னுடைய மாற்று வழியான இஜிஎல்ஸ்ட்ரீம்ஸ்தான் சரி என்று வருடக்கணக்கில் நின்றது, ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் ஒரு நிறுவனத்துக்காக மட்டும் தனி நிரல் எழுத வேண்டிய நிலை. ஸ்வே என்ற வேலண்ட் டெஸ்க்டாப் அப்படி எழுத முடியவே முடியாது என்றது. கடைசியில் 2021இல் 495 டிரைவரில் ஜிபிஎம் வந்ததும் விஷயம் முடிந்தது. இதில் தப்பு என்விடியா மேல்தான்.

ஆனால் எக்ஸ்பிளிசிட் சிங்க் (ஃபிரேம் எப்போது தயார் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் முறை) விவகாரத்தில் அவர்கள் சொன்னதுதான் சரி. ஜிபியு ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கும் முன்பே, ஜன்னல்களைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் கம்பாசிட்டர் அதைத் திரையில் காட்டிவிடக்கூடாது, அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். லினக்ஸில் அந்த ஒழுங்கைக் கர்னல் டிரைவர் பின்னாலிருந்து தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எல்லாம் கட்டியிருந்தார்கள். என்விடியா டிரைவர் அப்படி வேலை செய்யாது. விளைவாக எக்ஸ்வேலண்டில் (பழைய எக்ஸ்11 புரோகிராம்களை வேலண்டில் ஓட்டும் இடைத்தளம்) ஓடும் எடிட்டரில் ஒரு எழுத்தைத் தட்டினால் தோன்றும், மறையும், பழைய வரி ஒரு கணம் திரும்பி வரும், அப்புறம் புதுசு வரும். பார்த்தவர்களுக்குத் தலைவலி தெரியும். 2024இல் வேலண்டில் அதற்கான புரோட்டோகால் சேர்ந்து, 555 டிரைவரும் வந்தபிறகுதான் நின்றது. வல்கன் ஏற்கெனவே வெளிப்படையான சிங்க் முறையில்தான் இருக்கிறது, ஆகவே இது திறமூலப் பக்கம் எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

2022இல் என்விடியா கர்னல் மாட்யூல்களின் மூலத்தைத் திறந்ததைப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். நல்லதுதான், ஆனால் அது இன்னமும் கர்னலுக்கு வெளியேதான் இருக்கிறது, டிகேஎம்எஸ் கூத்து அப்படியே தொடர்கிறது. ட்யூரிங் தலைமுறைக்கு முந்தைய என்விடியா கார்டுகளுக்கு அது கிடையவும் கிடையாது.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இங்கேதான். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளில் கடிகார வேகத்தைக் கூட்ட என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேண்டும், அதை என்விடியா கார்டுகளுக்கான திறமூல டிரைவரான நூவோவுக்குத் தரவில்லை. அதனால் நூவோவில் அந்தக் கார்டு பூட் ஆனபோது இருந்த குறைந்த வேகத்திலேயே தவழும். ட்யூரிங்கிலிருந்து கார்டிலேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற செயலிக்கான ஃபர்ம்வேர் வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது, மெசாவில் என்விடியாவுக்கான வல்கன் டிரைவரான என்விகேவும் அதன்மேல் நன்றாக வளர்கிறது. 900க்கும் 1000க்கும் வழியில்லை. இப்போது 580தான் அந்தக் கார்டுகளுக்குக் கடைசி டிரைவர் வரிசை என்று அறிவித்தும் ஆயிற்று. 1060ஐ இன்னும் தினமும் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். இனி ஆதரவு இல்லை என்று கைகழுவும் நிறுவனம், அந்த இரண்டு தலைமுறைக்கும் வேகத்தைக் கூட்ட விடும் ஃபர்ம்வேரை வெளியிட்டுவிட்டுப் போகட்டும். மீதியை நூவோ ஆட்களும் மெசா ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள்.