இன்ஹேலர் 'பழக்கமாகிவிடும்' என்ற வாட்சாப் தகவல் தவறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வாட்சாப் குழுக்களில் ஆஸ்துமா (இளைப்பு) பற்றிச் சுற்றும் தகவல்: "இன்ஹேலர் ஒட்டிக்கொள்ளும், மாத்திரையே மேல் என்று நுரையீரல் பேராசிரியர் சொன்னார்."

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சல்பியூட்டமால், நீல இன்ஹேலரில் ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். மாத்திரையிலோ 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. அது உடம்பு முழுக்கப் போவதால்தான் கை நடுக்கமும் படபடப்பும். இன்ஹேலரை நிறுத்தினால் இளைப்பு திரும்புவது பழக்கத்தால் அல்ல, மூச்சுக்குழாய் அழற்சி அடங்காததால். நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் அந்த அழற்சியைத் தணிக்கும் தடுப்பு இன்ஹேலர் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

அந்தப் பேராசிரியர் யார்? பேராசிரியர் என்பது பல்கலைக்கழகப் பதவி. மருத்துவராகப் பதிவு பெற்றவரா என்பதை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். தகவலில்தான் பெயரே இல்லையே! தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.