டைம்அவுட்னா டைம்அவுட்டாம்!

நேத்து ராத்திரி மூணு மணி நேரம் போச்சு எனக்கு. ஒரே ஒரு வரியால.

பைத்தான் புரோகிராமிங் மொழியில ஒரு ஃபங்ஷன். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்ல, அதுக்கு டைம்அவுட்னு ஒரு ஆர்க்யுமென்ட், அதாவது நாம கொடுக்கற மதிப்பு. டாக்ஸ்ட்ரிங், அதாவது ஃபங்ஷனோடயே எழுதி வைக்கற விளக்கம், இல்லாம இல்ல, இருக்கு. என்ன எழுதியிருக்கு தெரியுமா? "டைம்அவுட்: டைம்அவுட் மதிப்பு." வினாடியா, மில்லிவினாடியா? மூச்! பைத்தான்ல காத்திருக்க வைக்கற ஸ்லீப் ஃபங்ஷன் வினாடிக் கணக்குதானே, இதுவும் அப்படித்தான் இருக்கும்னு நம்பி 30 கொடுத்தேன். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், சர்வரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில நாலு ஃபைல் தாண்டி உள்ள போய்ப் பார்த்தா அங்க 1000-ஆல வகுத்துக்கிட்டிருக்கு. நான் கேட்டது 30 வினாடி, அது காத்திருந்தது 0.03 வினாடி!

"நல்ல கோடுக்கு (code) விளக்கம் தேவையில்ல, கோடே பேசும்"னு சொல்றவங்க அந்த நாலு ஃபைலையும் ராத்திரி ஒரு மணிக்குத் தோண்டிப் பார்க்கட்டும்.

டாக்ஸ்ட்ரிங் எப்படி எழுதணும்னு சொல்ற பைத்தான் வழிகாட்டி, பெப் 257 (PEP 257), வந்தது 2001-ல. முற்றுப்புள்ளி வை, "இதைச் செய்"னு கட்டளையா எழுதுன்னு மட்டுமா அது சொல்லுது? ஆர்க்யுமென்ட் என்ன, என்ன திரும்பி வரும், என்ன எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எழும்பும், பக்கவிளைவு உண்டா, எப்போ கூப்பிடக் கூடாது, எல்லாத்தையும் எழுதச் சொல்லுது. நாம பிடிச்சுக்கிட்டது முற்றுப்புள்ளியை மட்டும். ஏன்னா அதைத்தான் லின்டரால, அதாவது கோடைத் தானா சரிபார்க்கற கருவியால, பிடிக்க முடியும். டாக்ஸ்ட்ரிங்கை கூகிள் ஸ்டைல்ல எழுதறதா, நம்பை (NumPy) ஸ்டைல்ல எழுதறதான்னு ரெண்டு வாரம் சண்டை போடுவோம். அப்புறம் லின்டர் பச்சை காட்டணும்கறதுக்காக ஃபங்ஷன் பேரையே பிரிச்சு எழுதி வைப்போம்: "யூசரை எடுக்கும்." சரி, அந்த யூசர் இல்லைன்னா? ஒண்ணுமில்லைன்னு சொல்ற None வருமா, எக்ஸெப்ஷனா? அதைத்தானய்யா நான் தேடி வந்தேன்!

இது சின்ன விஷயமே இல்ல. பைத்தான்ல ஸ்ட்ரிங்ல, அதாவது எழுத்துத் தொடர்ல, தேட ஃபைண்ட், இன்டெக்ஸ்னு ரெண்டு இருக்கு. தேடினது கிடைக்கலைன்னா இன்டெக்ஸ் வேல்யூஎரர்ங்கற எக்ஸெப்ஷனை எழுப்பும், ஃபைண்ட் -1 கொடுக்கும். பைத்தான்ல -1ங்கறது கடைசி எழுத்தோட இடம். அந்த -1-ஐ அப்படியே எடுத்து எழுத்தைக் கேட்டா, பிழை வராது. தப்பான எழுத்து சத்தமில்லாம வந்து உட்காரும். ரெண்டோட விளக்கத்துலயும் இதைத் தெளிவா எழுதி வச்சிருக்காங்க. யாரோ ஒருத்தர் பொறுப்பா எழுதினதாலதான் நாம தப்பிக்கிறோம்.

எழுதாம விட்டதைவிட மோசம், கோடை மாத்திட்டு மேல இருக்கற விளக்கத்தை மாத்தாம விடறது. அதை நம்பறவன் கதி என்ன? ரஸ்ட்ங்கற இன்னொரு மொழியில, விளக்கத்துக்குள்ள இருக்கற எடுத்துக்காட்டையே கார்கோ டெஸ்ட்ங்கற கட்டளை ஓட்டிப் பார்க்கும், பழசாப் போனா டெஸ்ட் உடையும். பைத்தான்லயும் 2.1 பதிப்புலேர்ந்தே இதே வேலையைச் செய்யற டாக்டெஸ்ட் கூடவே வருது. நான் வேலை செஞ்ச ஒரு புராஜெக்ட்லகூட அதை ஓட்டிப் பார்த்ததில்ல.

காலையில எழுந்ததும் அந்த வரியை மாத்தி அனுப்பிட்டேன்: "காத்திருக்கும் நேரம், மில்லிவினாடியில். 0 என்றால் காத்திருக்காது. நேரம் தாண்டினால் டைம்அவுட்எரர்." எழுத ரெண்டு நிமிஷம்கூட ஆகல.