படத்தில் பார்த்த பழத்துக்குப் பெயர் சொல்லும் முன் காம்பையும் இலையையும் பாருங்கள்

ஏதோ ஒரு படத்தில் கதாநாயகி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரிப்பாள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு "இது என்ன பழம்?" என்று ஒருவர் கேட்டால் போதும், லிச்சி, லிச்சி என்று பதில்கள் குவிந்துவிடும். பர்மாவில் பழத்தோடு பழகிய நமக்கு அது பொறுக்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்வதால் வரும் தப்பு இது. சினிமாவில் கலர் மாற்றாத காட்சியே கிடையாது, மஞ்சள் ஆரஞ்சாகும், சிவப்பு கருத்துப்போகும். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில், பழம் எங்கே தொங்குகிறது? அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகச் சின்னப் பழங்கள் என்றால் லிச்சியும் இல்லை, அதன் உறவான லோங்கனும் இல்லை. அவை இரண்டும் கிளை நுனியில் காய்ப்பவை. மரத்தை ஒட்டிக் காய்ப்பதில் இரண்டு பெயர்கள் குழம்பும்: நம்ம பர்மாவின் கனஸோ, மலாய்க்காரர்களின் லங்சாட். கனஸோவுக்குத் தனி இலை, லங்சாட்டுக்கு ஒரே ஈர்க்கில் பல இலைகள். உரித்துக் காட்டினால் இன்னும் சுலபம். லங்சாட்டில் பொதுவாக ஐந்து சுளை, கனஸோவில் பெரும்பாலும் மூன்று.

மங்குஸ்தான் என்றால் சந்தேகமே வரக்கூடாது. காம்பு பக்கம் தடித்த பச்சை இதழ்கள், அடிப்பக்கம் பூ மாதிரி ஒரு முத்திரை. அந்த முத்திரையில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. குற்றாலத்தில் சீசனில் வாங்குகிறவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். தோல் அமுங்கினால் நல்ல பழம், கல்லாக இருந்தால் பழசு. தோலின் சாறு துணியில் பட்டால் கறை லேசில் போகாது.

ரம்புத்தானுக்கு வளையும் மயிர். இங்கே பர்மாவில் அதன் பெயர் 'ச்செம்மௌத்தி', சேவல் கொண்டைப் பழம் என்று அர்த்தம். முள் கட்டையாக, தடிப்பாக இருந்தால் அது ரம்புத்தானின் உறவான புலாசான்.

அதிகம் ஏமாற்றுவது மயான்தி. மாங்காயின் குட்டி என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். மாங்காய்க் குடும்பம்தான், ஆனால் மாங்காய் இல்லை. கோழிமுட்டை அளவு, பழுத்தால் ஆரஞ்சு. மாமரத்தில் இலைகள் மாறி மாறி வரும், மயான்தியில் எதிரெதிராக ஜோடி ஜோடியாக வரும். கொட்டையை வெட்டினால் உள்ளே ஊதா நிறம், அதைப் பார்த்த பிறகு யாரும் வாதாட முடியாது. பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா நெருங்கும் நாட்களில் சந்தையில் இதுதான். காயை ஙப்பியோடு (புளித்த மீன், இறால் விழுது) உரலில் இடிப்பார்கள். காட்சியில் பச்சைக் காயும் உரலும் தெரிந்தால் இந்தப் பெயரையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், கதை நடக்கும் ஊரை நம்பாதீர்கள். பர்மாக் கதை என்று மலேசியாவிலும் தாய்லாந்திலும் எடுத்த படங்கள் உண்டு. கூடையில் இருப்பது படப்பிடிப்பு நடந்த ஊரின் சந்தைப் பழமாகத்தான் இருக்கும். காம்பே இல்லாமல் எல்லாம் ஒரே அளவில் பளபளத்தால் பிளாஸ்டிக் என்றும் சந்தேகப்படலாம்.

கேட்கிறவர்கள் ஒரே ஒரு மங்கலான படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். யூடியூபில் கம்ப்யூட்டரில் வீடியோவை நிறுத்திவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். பழம் உரிபடும் பிரேம், இலை தெரியும் பிரேம், கையில் பிடித்திருக்கும் பிரேம், மூன்றையும் எடுங்கள். கை இருந்தால்தான் அளவு தெரியும். படம் எங்கே எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செல்போன் செயலி சொல்லும் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பெயரில் தேடி வரும் இலையையும் உங்கள் பிரேமில் உள்ள இலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்தில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்று காட்டில் பறித்ததை மட்டும் வாயில் வைக்காதீர்கள்.