பாஸ்டன் அண்ணனுக்கு, ஈலை மேனிங் விஷயமாக

2025 பிப்ரவரி, வியாழக்கிழமை ராத்திரி. அமெரிக்க ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் (ஓய்வுபெற்ற ஜாம்பவான்களுக்குச் சிலை வைக்கிற இடம்) போகிறவர்கள் பட்டியலை நியூ ஆர்லியன்ஸில் வாசித்தார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸின் பழைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஈலை மேனிங் பெயர் அதில் இல்லை. வாசித்து முடித்த ஐந்தாவது நிமிடம் பாஸ்டன் அண்ணன் குரூப்பில் வந்துவிட்டார். யாரென்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். "117-117. ஜஸ்ட் பாஸ்தானேப்பா உங்க ஆளு. அதுக்கெல்லாம் சிலை வைப்பாங்களா?" கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் மூன்று. ஈலை ஜெயித்தது 117 ஆட்டம், தோற்றதும் 117 என்கிறார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். இன்றைக்கு சூப்பர் பவுல் ஞாயிறு, லீக்கின் இறுதி ஆட்டம். நியூ ஜெர்சியே சிக்கன் விங்ஸுக்கு வரிசையில் நிற்கிறது, நான் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஹால் ஆஃப் ஃபேமுக்குள் இந்த வருடம் போனது நான்கே பேர். ஜேரட் ஆலன், எரிக் ஆலன், ஆன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கல்லூரியில் ஃபுட்பாலே ஆடாமல் கூடைப்பந்திலிருந்து நேராக வந்து சாதித்தவர் கேட்ஸ். கழுத்தில் அடிபட்டு ஏழே சீசனில் முடிந்துபோனவர் ஷார்ப். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற ஓஹியோ கேன்டனில் இடமில்லையா என்பதுதான் என் கேள்வி.

சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் எம்விபி விருதை ஒரு தடவைக்கு மேல் வாங்கியவர்கள் மொத்தமே ஆறு பேர். ஸ்டார், பிராட்ஷா, மான்டானா மூவரும் எப்போதோ உள்ளே. பிரேடிக்கு இன்னும் காலம் வரவில்லை. மஹோம்ஸ் இன்றைக்கு ராத்திரிகூட ஆடப்போகிறார். மிச்சம் ஒரே ஆள், ஈலை.

அது அதிர்ஷ்டம் என்பீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பீர்கள். சரி, 2008 பிப்ரவரி 3-ஆம் தேதி விழுந்தது பனம்பழம் என்றே வைத்துக்கொள்வோம். எதிரே, அந்த சீசனில் 18 ஆட்டத்தில் ஒன்றைக்கூடத் தோற்காத பேட்ரியாட்ஸ், பாஸ்டன்காரர்களின் அணி. இரண்டே முக்கால் நிமிடம்கூட மிச்சமில்லை, 83 கஜம் போகவேண்டும். மூன்று பேர் சட்டையைப் பிடித்து இழுக்க, உருவிக்கொண்டு வெளியே வந்து பந்தைத் தூக்கி எறிந்தான் ஈலை. நம் அணியின் டைரீ அதைத் தலைக்கவசத்தில் அமுக்கிப் பிடித்தார். 17-14, ஜயன்ட்ஸ் ஜெயித்தது. அதிர்ஷ்டமேதான். ஆனால் நான்கு வருடம் கழித்து இண்டியானாபோலிஸில் அதே கோச் பெலிசிக், அதே குவார்ட்டர்பேக் பிரேடி தலையில் அதே பனம்பழம் மறுபடி விழுந்ததே, 21-17? காக்கைக்கு விலாசம் தெரிந்திருக்கிறது போல.

தற்காப்பு வரிசை ஜெயித்துக் கொடுத்தது என்று ஒரு கோஷ்டி. 2007 சீசனுக்கு அதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஸ்ட்ரேஹனும் டக்கும் பிரேடியை அன்றைக்கு நிம்மதியாக நிற்கவே விடவில்லை. 2011-க்கு என்ன சொல்வீர்கள்? அந்த வருடம் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் ஜயன்ட்ஸ் லீக்கிலேயே கடைசி. எல்லாமே ஈலையின் கையில். 4,933 கஜம், நான்காவது கால்பகுதியில் மட்டும் 15 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பது). சான் ஃபிரான்சிஸ்கோ சேற்றில் ஆறு தடவை சாய்த்தார்கள். தாடைப்பட்டை ஒரு பக்கம், தோள்கவசம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு எழுந்து நின்றான். 58 பந்து எறிந்தான் அன்றைக்கு. ஜெயித்தான்.

இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது, 244. ஆமாம். 2013-ல் மட்டும் 27. ஆமாம், பார்த்தேன், ஒவ்வொன்றையும் பார்த்தேன். பழைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத் 173 டச் டவுனுக்கு 220 இன்டர்செப்ஷன் கொடுத்தவர், ஜெயித்ததைவிடத் தோற்றது ஒன்று அதிகம், 1985-லிருந்து கேன்டனில் இருக்கிறார். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போவோம்.

"அப்படிப் பார்த்தால் இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்த ஜிம் பிளங்கெட்டும் வெளியேதானே?" என்று யாரோ கட்டாயம் எழுதுவீர்கள். அவரையும் போடுங்கள்! நான் வேண்டாமென்றேனா?

அடுத்த வருடம் கிடைக்கும் என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு நன்றி. அடுத்த வருடம் குவார்ட்டர்பேக் போட்டிக்கு ட்ரூ ப்ரீஸ் வருகிறார், ஃபிலிப் ரிவர்ஸ் வருகிறார். ரிவர்ஸ்! 2004-ல் யாரைக் கொடுத்து ஈலையை வாங்கினோமோ அவரோடு சேர்த்து நிறுத்தி மறுபடி எடை போடுவார்கள். பிறந்ததிலிருந்தே அவனுக்கு இதே பிழைப்பு. அப்பா குவார்ட்டர்பேக், அண்ணன் பெய்ட்டன். எந்த வீட்டுக் கடைக்குட்டியைக் கேட்டாலும் சொல்வான், அந்தக் கஷ்டம் என்னவென்று.

இதையெல்லாம் நான் பாஸ்டன் அண்ணனுக்குச் சொல்லவேண்டியிருப்பதுதான் கொடுமை. 2008-ல் எடிசனில் ஒரே அபார்ட்மென்டில் நான்கு பேர் இருந்தோம். நான் ஊரிலிருந்து வந்து நான்கு மாதம். எனக்கு டவுன் என்றால் என்ன, கஜம் எதற்கு என்று ரசம் சாதத் தட்டில் பருப்பை வைத்துக் கோடு போட்டுக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். டைரீ பந்தைப் பிடித்தபோது அவர் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். பிறகு மாசசூசெட்ஸில் வேலை, வீடு, பேட்ரியாட்ஸ். ஊர் மாறினால் ஆள் மாறக்கூடாதா என்று கேட்பார். மாறலாம் அண்ணே. போன வருடம்வரை நம்மிடம் இருந்த சாக்வான் பார்க்லியே இன்றைக்கு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் பச்சைச் சட்டையில் இறங்குகிறார். பழகிவிட்டது.

117-117 என்கிறீர்களே, அதற்குள் 210 இருக்கிறது. 2004 நவம்பரிலிருந்து 2017 நவம்பர்வரை தொடர்ந்து 210 ஆட்டம், ஒன்றில்கூட இறங்காமல் இருந்ததில்லை. தோள்பட்டை பிசகினாலும், பாதத்தில் வலி இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நின்றான். அது எப்படி முடிந்தது தெரியுமா? கோச் மெக்காடூ கூப்பிட்டு, நீ முதல் பாதி ஆடு, உன் கணக்கு விட்டுப்போகாது, இரண்டாம் பாதிக்கு வேறு ஆளை இறக்குகிறோம் என்றார். வேண்டாம், அப்படி ஒரு கணக்கு எனக்கு எதற்கு என்று சொல்லி ஓரமாகப் போய் உட்கார்ந்தான். கண் கலங்கத்தான் பேட்டி கொடுத்தான். ஒருத்தரையும் குறை சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருடம் என் ஆபீசில் எனக்கும் ஒரு மீட்டிங் போட்டார்கள். பதினோரு வருடம் ஒரே கிளையன்ட். நடுராத்திரி சர்வர் விழுந்தால் முதல் போன் எனக்கு. என் மகள் பிறந்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவிலும் லேப்டாப் திறந்திருந்தது. "புது டீம் வருது, நீங்க ஒரு மாசம் இருந்து கேடி குடுத்துட்டுப் போங்க, எல்லாருக்கும் நல்லா இருக்கும்" என்றார்கள். கேடி என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்: என் நாற்காலியில் உட்காரப்போகிற பையனுக்கு என் வேலையை நானே சொல்லிக் கொடுக்கவேண்டும். சரி என்று தலையாட்டினேன். விசா இருந்தது, வீட்டுக் கடன் இருந்தது. ஒரு மாதம் ஒழுங்காக, சிரித்த முகத்தோடு கேடி கொடுத்தேன். என் பதினோரு வருடத்தைக் கணக்கெடுத்தால் அதுவும் ஏறக்குறைய 117-117தான் வரும். ஆனால் நின்றேன்.

எதற்கோ ஆரம்பித்து எங்கேயோ வந்துவிட்டேன், தெரிகிறது.

அன்றைக்கு ராத்திரி பாஸ்டனிலிருந்து போன் வந்தது. நீங்கள்தான் அண்ணே. ஒரு மணிநேரம் பேசினீர்கள். "ஏன்டா ஒத்துக்கிட்ட? ஈலை மாட்டேன்னு சொன்னான்ல, அவன் மனுஷன்டா" என்று திட்டினீர்கள். அன்றைக்கு அவன் ஜஸ்ட் பாஸ் என்று உங்களுக்குத் தோன்றவில்லையே.

ஆறரைக்கு ஆட்டம். குரூப்பை மியூட் பண்ணியிருக்கிறேன். நாளைக் காலைவரைக்கும்தான்.