கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்

மதுரையில் ஒரு கல்லூரியில் 16 ஆண்டுகளாகப் பொருளியல் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டுதான் முதன்முறையாக, நான் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, தமிழ்த் துறை ஐயா ஒருவர் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். அன்று தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் ஒரு பொருளின் தேவை எவ்வளவு மாறும் என்ற பாடம், நடத்தினேன்; நன்றாகவே நடத்தியதாக நினைத்தேன். மாலையில் வேப்பமரத்தடியில் அவர் சொன்னார்: "தம்பி, பதினொரு கேள்வி கேட்டீர்கள், ஒன்பதுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். சன்னலோரத்துப் பிள்ளை இரண்டு தடவை வாயெடுத்தது, அதற்குள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டீர்கள்."

அந்த மாணவி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருபவர். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. என் ஆங்கிலக் கேள்வியை மனத்துக்குள் தமிழாக்கி, பதிலை மீண்டும் ஆங்கிலமாக்கி எழ அவருக்குச் சில நொடிகளாவது வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீள்கின்றன, பேசாத மாணவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதிவிட்டார். நான் அதைப் படித்தவன்தான். ஆனாலும் என் வகுப்பில் நானே அந்தத் தவற்றைச் செய்கிறேன் என்பது இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

பள்ளியில் பாடம் நடத்த பி.எட். கேட்கிறார்கள், கல்லூரிக்கு நெட், செட் என்னும் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது முனைவர் பட்டம் போதும். பிறகு, பணியில் இருப்பவர்களுக்கான புத்தொளிப் பயிற்சிகள் வருகின்றன. அங்கேயும் நம் வகுப்பறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஐயா சொன்னது எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதனால்தான் என்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்க முடிந்தது. இதுவே துறைத்தலைவர் வழியாக வந்திருந்தால், அல்லது என் பணி மேம்பாட்டுக் கோப்பில் சேரும் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கென்று ஒத்திகை பார்த்த ஒரு வகுப்பைத்தான் அவருக்குக் காட்டியிருப்பேன். எனக்காவது நிரந்தர வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் நியமனம் புதுப்பிக்கப்பட வேண்டிய கௌரவ விரிவுரையாளரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியரும், "எனக்கு இந்தப் பாடம் கைவரவில்லை" என்று யாரை நம்பிச் சொல்வார்கள்?

ஆகவே இப்படி ஓர் ஆசிரியர் வகுப்பில் இன்னோர் ஆசிரியர் அமர்ந்து பார்க்கும் முறையைத் தொடங்க நினைக்கும் கல்லூரிகளிடம் என் வேண்டுகோள்: இருவரும் வெவ்வேறு துறையினராக இருக்கட்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வகுப்பெடுப்பவரே முடிவு செய்யட்டும், பார்த்தவர் வகுப்பை மற்றவரும் போய்ப் பார்க்கட்டும். குறிப்பெடுத்த தாளை வகுப்பெடுத்தவரிடமே கொடுத்துவிட வேண்டும். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்குக் காட்ட ஆவணம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இப்படி எத்தனை ஆசிரியர் இணைகள் இயங்கின என்ற எண்ணிக்கையை மட்டும் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அடுத்த ஆண்டு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

என் குறையை இங்கே எழுதியிருக்கிறேன், அது என்னுடையது. வரும் புதன்கிழமை வேறொரு துறையின் வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் அமரப் போகிறேன். அங்கே கண்டதை எங்கும் எழுத மாட்டேன்.